குழுவில் திட்டு வாங்குபவர் அடுத்து யாரிடம் போகிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மோசடியில் பணத்தை இழந்தோர் பற்றிய செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. சந்தேகமான இணைப்பைத் தொடாதீர்கள், ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற அறிவுரையும் கூடவே வருகிறது. தேவையான அறிவுரைதான். ஆனால், ஏமாறுவதற்கு முன்னால் அந்த மனிதர் பல நேரங்களில் எங்காவது உதவி கேட்டிருப்பார். அங்கே அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கைப்பேசி, கணினிச் சிக்கல்களுக்கு உதவும் தமிழ்க் குழுக்கள் சிங்கப்பூரில் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நிறைய இயங்குகின்றன. தங்குவிடுதிகளில் வசிக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் தங்களுக்குள் தொடங்கியவை உண்டு. வட்டார நற்பணிச் செயற்குழுவினர் நடத்துபவை உண்டு. கோயில் தொண்டூழியர் குழுவாக ஆரம்பித்து மெல்ல மெல்லக் கைப்பேசி மருத்துவமனையாக மாறியவையும் உண்டு. அப்படிப்பட்ட குழுக்களைக் கவனித்துக்கொள்ளும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

கேள்வி கேட்டவரை நாலு பேர் முன்னிலையில் "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், அவர் அடுத்த கேள்வியைப் பொதுவில் கேட்கமாட்டார். பிரச்சினையோ அப்படியே இருக்கும். அந்த நேரம் பார்த்து, "அண்ணே, நான் சரிபண்ணித் தர்றேன்" என்று தனிச்செய்தியில் ஒருவர் வருவார். யார் தடுமாறுகிறார், யாருக்குப் பதில் கிடைக்கவில்லை என்று குழுவில் ஓசையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அட்மின் ஒருவரின் பெயரையும் படத்தையும் போட்டுக்கொண்டு வந்தால் சந்தேகமும் எழாது. குழுவில் திட்டு வாங்கியவருக்கு அந்தக் கனிவான குரல் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புதியவரிடம் தன்மையாகப் பேசுவதை நாங்கள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே நடத்துவது இதனால்தான். அதற்குச் செய்முறை உண்டு. யாரும் பழகிக்கொள்ளலாம்.

முதல் பதில் எப்போது போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தங்குவிடுதியிலிருந்து கேள்விகள் இரவு 9 மணிக்கு மேல்தான் வரும். வேலை முடிந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, ஊருக்குப் பேச உட்காரும்போதுதான் கோளாறு கண்ணில் படுகிறது. அட்மின்கள் ஐந்து பேர் இருந்தாலும் ஐவரும் அலுவலக நேரத்தில் மட்டும் குழுவைப் பார்ப்பவர்கள் என்றால் பயனில்லை. இரவு 9 முதல் 11 வரை ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒருவர் என முறை வைத்துக்கொள்வது நல்லது. விடை தெரியாதவரும் பதில் போடலாம். "பாத்துட்டேன் தம்பி. தெரிஞ்சவங்க காலையில சொல்வாங்க. அதுவரைக்கும் ஆப்பை அழிச்சிடாதீங்க. தனியா யாராவது மெசேஜ் போட்டா பதில் சொல்லாதீங்க." இவ்வளவு போதும்.

ஆப்பை அழிக்காதீர்கள் என்பதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? எதுவும் வேலை செய்யவில்லை என்றால் நம் மக்கள் முதலில் செய்வது அதைத்தான். "அழிச்சிட்டுத் திரும்பப் போடு" என்று குழுவிலும் உடனே ஒருவர் சொல்லிவிடுவார். விளையாட்டுச் செயலி என்றால் சரி. வங்கிச் செயலியை நீக்கினால், பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தர அதிலுள்ள மின்னிலக்க டோக்கனும் போய்விடும். மீண்டும் அமைத்தால், அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்த பாதுகாப்பு நடவடிக்கைகளில் அதுவும் ஒன்று. சம்பளம் வந்த இரவில் ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருப்பவருக்கு இந்த 12 மணி நேரம் பெரிய இடி. வாட்ஸ்அப்பை நீக்கச் சொல்வதும் அப்படித்தான். செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப் என்று போய், கடைசியாக எந்தத் தேதியில் காப்புநகல் எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் நீக்கினால், பிள்ளையின் குரல்பதிவுகள் எல்லாம் போய்விடக்கூடும். கேஷ் கிளியர் செய்தால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும். டேட்டா கிளியர் செய்தால் உள்நுழைவும் அமைப்புகளும் சேர்ந்து போகும். இரண்டும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மீட்க முடியாத எந்தப் படியையும் சொல்வதற்கு முன்னால் "இதைச் செஞ்சா இது போயிடும், சம்மதமா?" என்று கேட்பது உதவுபவரின் கடமை.

அடுத்து, விவரம் கேட்கும் விதம். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் செயலியைப் பற்றி, "சிங்பாஸ் வேலை செய்யல அண்ணே" என்று ஒருவர் எழுதினால் எரிச்சல் வருவது இயல்பு. என்ன வேலை செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லையே. ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிவதே பாதி தொழில்நுட்ப அறிவு. அது அவரிடம் இல்லாததால்தான் கேட்கிறார். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: "எந்த போன், என்ன மாடல்? திரையில என்ன எழுதியிருக்கு, அப்படியே சொல்லுங்க. இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்தினீங்களா, புது போன், புது சிம், புது பெர்மிட்? கடைசியில நீங்க என்ன செய்யணும்?"

மூன்றாவது கேள்வியிலேயே பெரும்பாலான முடிச்சுகள் அவிழ்ந்துவிடும். சிங்பாஸ் செயலி ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசியில்தான் இயங்கும். புதுக் கைப்பேசி வாங்கியவர் அதை முதலிலிருந்து அமைக்க வேண்டும். சிம் மாற்றியவருக்கு, சிங்பாஸ் கணக்கில் பழைய எண்ணே பதிவாகியிருந்தால், ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதில்லை" என்று வருகிறது என்பவரிடம் கைப்பேசியின் தேதி சரியா என்று கேளுங்கள். மின்கலம் முற்றிலும் தீர்ந்து மீண்டும் எழுந்த பழைய கைப்பேசிகளில் தேதி பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியோடு ஒத்துப்போகாது. தேதியும் நேரமும் தானாக அமையும்படி மாற்றினால் தீர்ந்தது.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைத் தவிர்க்கப் பாருங்கள். "ஏன் அப்டேட் பண்ணல?" என்பது விசாரணை. "கடைசியா எப்போ அப்டேட் ஆச்சு?" என்பது விவரம் கேட்பது. அதே தகவல்தான் கிடைக்கும், ஆனால் முதலாவதற்கு ஆள் பொய் சொல்லவும் கூடும். "ரொம்ப ஈஸி" என்ற சொல்லையும் எங்கள் குழுக்களில் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். ஊக்கம் கொடுக்கத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால், ஈஸியானதைச் செய்தும் வரவில்லை என்றால் அவர் திரும்பி வந்து சொல்லமாட்டார்.

நான்காவது கேள்வி, "கடைசியில என்ன செய்யணும்?" என்பதுதான் எல்லாவற்றிலும் கனமானது. ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறோம். "ப்ளே ப்ரொடெக்ட்டை எப்படி ஆஃப் பண்றது?" என்று ஒருவர் கேட்கிறார். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கெட்ட செயலிகளைத் தடுக்கும் கூகல் பாதுகாப்பு அது. விவரம் தெரிந்தவருக்கு இது அரை நிமிட வேலை. ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் படத்தைத் தொட்டு, ப்ளே ப்ரொடெக்ட்டுக்குள் போய் அணைத்துவிடலாம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஏன் அவர் வழியில் குறுக்கே நிற்கிறது? 2024 பிப்ரவரியில் கூகல் நிறுவனம் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து இங்கே ஒரு தடுப்பு முறையைத் தொடங்கியது. உலாவியிலிருந்தோ வாட்ஸ்அப் போன்ற செயலிகளிலிருந்தோ இறக்கிய ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு), குறுஞ்செய்திகளைப் படிக்கவோ பெறவோ, அறிவிப்புகளைப் பார்க்கவோ, உடற்குறை உள்ளோருக்கு உதவ வைத்திருக்கும் அக்சஸிபிலிட்டி வசதி வழியாகத் திரையை ஆளவோ அனுமதி கேட்பதாக இருந்தால், ப்ளே ப்ரொடெக்ட் அதை நிறுவவே விடாது. இந்த அனுமதிகளை வைத்துக்கொண்டுதான் கெட்ட செயலிகள் ஓடிபியைத் திருடி வங்கிக் கணக்கைக் காலி செய்கின்றன.

ஆக, அந்தக் கேள்விக்குப் பின்னால் யாரோ ஒருவர் "இந்த ஆப்பைப் போடுங்க, தள்ளுபடி கிடைக்கும்" என்று அனுப்பிய கோப்பு இருக்க வாய்ப்பு அதிகம். "எந்த ஆப்பைப் போடப் போறீங்க? யார் அனுப்பினாங்க?" என்று மென்மையாகக் கேட்டால் சொல்லிவிடுவார். ஏற்கெனவே நிறுவிவிட்டார் என்றால் அப்போது பாடம் நடத்தக் கூடாது. அந்தக் கைப்பேசியை ஏர்பிளேன் மோடுக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்திலிருப்பவரின் கைப்பேசியிலிருந்து, வங்கி அட்டையின் பின்பக்கம் உள்ள எண்ணை உடனே அழைக்கச் சொல்ல வேண்டும். அதற்கடுத்து 1799. மோசடி தொடர்பான ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணான அது 24 மணி நேரமும் இயங்குகிறது. புத்தி சொல்வதையெல்லாம் மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர் "உனக்கு வேணும்" என்று எழுதினால், அட்மின் அந்தச் செய்தியை எல்லாருக்குமாக அழித்துவிட வேண்டும்; விவாதம் வேண்டாம்.

படிகளைச் சொல்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கேள்வி கேட்பவர் பெரும்பாலும் கோளாறான அதே கைப்பேசியில்தான் நம் பதிலைப் படிக்கிறார். வாட்ஸ்அப்பைப் பார்த்து, செட்டிங்ஸுக்குப் போய், மறந்துபோய், மறுபடி வாட்ஸ்அப்புக்கு வந்து, மறுபடி செட்டிங்ஸை முதலிலிருந்து திறப்பார். எட்டுப் படிகளை ஒரே செய்தியில் கொட்டினால் மூன்றாவதில் தொலைந்துவிடுவார். அப்புறம் "சொன்னதைச் செய்யவே இல்லை" என்று நாம் கோபப்படுவோம். இரண்டு படி சொல்லி, "இப்போ திரையில என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அறைத் தோழரின் கைப்பேசியில் குழுவைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வது இன்னும் வசதி. பொத்தானின் பெயரோடு அதன் படத்தையும் சொல்ல வேண்டும்: "மேலே மூணு புள்ளி", "பற்சக்கரம் மாதிரி இருக்கும்". சாம்சுங்கில் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்க்க செட்டிங்ஸின் அடியில் அபௌட் ஃபோன் என்பதற்குள் போய், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்பதைத் தொட வேண்டும். ரெட்மியில் அபௌட் ஃபோன் மேலேயே இருக்கும். இரண்டையும் குழப்பிச் சொல்லிவிட்டு "கண் தெரியலையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

"ஏற்கெனவே சொல்லியாச்சு, மேலே தேடிப் பாருங்க" என்பது குழுக்களில் மிக அதிகமாகப் புழங்கும் பதில். வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு, அவர் சேர்வதற்கு முன் நடந்த பேச்சு தானாக வந்து சேர்வதில்லை. அவர் திரையில் மேலே ஒன்றுமே இருக்காது. இல்லாத ஒன்றைத் தேடச் சொல்லிவிட்டு அவரைச் சோம்பேறி என்கிறோம். டெலிகிராம் குழுவில் பழைய உரையாடல் புதியவருக்குத் தெரியும்படி அட்மின் அமைக்கலாம். பல குழுக்களில் அதைச் செய்திருக்கமாட்டார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளைக் குறிப்பேட்டுச் செயலியில் எழுதி வைத்துக்கொண்டு, வெட்டி ஒட்டி, மேலே அவர் பெயரைச் சேர்த்து அனுப்பினால் இருபது வினாடி ஆகும். திட்டுவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும்.

எழுத்தைப் பற்றிக் கேலி பேசுவதும் நிற்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர், குரல்பதிவு அனுப்புபவர், ஒற்றுப்பிழையோடு எழுதுபவர், எல்லாரும் கேட்கட்டும். குரல்பதிவில் வந்த கேள்வியை ஒருவர் இரண்டு வரியில் தமிழில் எழுதிப்போட்டால் மற்றவர்களுக்கும் தேட வசதியாக இருக்கும். தமிழ் இணைய மாநாடு முதன்முதலில் 1997-இல் நம் சிங்கப்பூரில்தான் கூடியது. அதற்கு முன்னின்றவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு எழுத்துரு என்றிருந்த காலம் அது. கணினித் தமிழில் அன்று எல்லாருமே புதியவர்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு தட்டச்சுத் தெரியாதவரை எள்ளி நகையாடுவது நமக்கு அழகில்லை.

கைப்பேசித் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். ஃபின் எண் (வெளிநாட்டவரின் அடையாள எண்), வேலை அனுமதி அட்டையின் முகப்பு, கியூஆர் குறியீடு, ஓடிபி, இவை எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. ஹைலைட்டர் பேனாவால் மறைப்பது மறைப்பாகாது. அது கண்ணாடி போன்றது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எண் தெரிந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதே பாதுகாப்பு. தெரியாமல் யாராவது முழுப் படத்தையும் போட்டுவிட்டால், அட்மின் முதலில் அழிக்க வேண்டும். அதன்பிறகு "உங்க நம்பர் தெரிஞ்சதால அழிச்சேன், வெட்டிட்டு மறுபடி போடுங்க" என்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் அழித்தால் தண்டித்ததாக நினைத்துக்கொள்வார். யாரோ அனுப்பிய சிங்பாஸ் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஒப்புதல் கொடுத்தால், அனுப்பியவர் திறந்து வைத்திருக்கும் பக்கத்துக்குள் நாமே அவரை அனுமதித்ததாகிவிடும் என்பதையும் அடிக்கடி நினைவூட்டுங்கள். உதவுகிறேன் என்று சொல்லி ஒருவரின் சிங்பாஸ் மறைச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளும் நல்லவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும். குற்றச்செயலுக்குப் பயன்படும் என்று நம்பக் காரணம் இருந்தும் சிங்பாஸ் விவரத்தைப் பிறரிடம் கொடுப்பது, 2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம். நல்ல மனதோடு வாங்குபவரையும் மோசடிக்காரரையும் பிரித்துப் பார்க்கப் புதியவருக்கு வழியே இல்லை. ஆகவே யாரும் வாங்கக் கூடாது. திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வதற்கும் இதே விதிதான்.

இனி, கடுமையாகப் பேசும் அனுபவசாலிகள். குழுவில் அதிகம் உழைப்பவர்கள் பல நேரங்களில் அவர்கள்தாம். ஒரே கேள்விக்கு நூறாவது முறை பதில் சொல்லிக் களைத்திருப்பார்கள். அவர்களை இழக்கவும் கூடாது. பொதுவில் ஒரே ஒரு வரி: "இந்தக் கேள்வியை இங்க தாராளமா கேக்கலாம்." அது கேட்டவரைத் தாங்குவதற்கு. பிறகு அனுபவசாலியிடம் தனியாகப் பேசி, ஒரு வாரம் பதில் சொல்லாமல் ஓய்வெடுக்கச் சொல்லலாம், அல்லது சிக்கலான கேள்விகளை மட்டும் அவரிடம் விடலாம். மீண்டும் நடந்தால், டெலிகிராமில் ஒரு நாளைக்கோ ஒரு வாரத்துக்கோ எழுத முடியாமல் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவரை மட்டும் அப்படி நிறுத்திவைக்க முடியாது. நீக்கிவிட்டு, பேசி முடித்துத் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான். தவறான விடை சொன்னவரைத் திருத்துவது மட்டும் பொதுவிலேயே நடக்க வேண்டும், அதுவும் உடனே. ஏனென்றால் அந்த விடையை யாரோ ஒருவர் அப்போதே செய்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆளைத் தொடாமல் விடையை மட்டும் திருத்தினால் யாருக்கும் மனம் நோகாது.

உலகெங்கும் நிரலாளர்கள் புழங்கும் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃபுளோ 2008-இல் தொடங்கியது. 2018 ஏப்ரலில், புதியவர்கள் பலருக்குத் தன் தளம் வரவேற்பற்ற இடமாக இருக்கிறது என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. அந்த ஆண்டே புதிய நடத்தை விதிகளும், முதன்முறை கேட்பவரின் கேள்விக்கருகே அவர் புதியவர் என்று காட்டும் அடையாளமும் வந்தன. தொழில்முறைக் கணினி வல்லுநர்கள் நிறைந்த இடத்துக்கே அது தேவைப்பட்டது என்றால், நம் குழுக்களுக்கு எவ்வளவு தேவை!

குழுவால் முடியாதவையும் உண்டு. சம்பளம், பெர்மிட் புதுப்பிப்பு போன்றவற்றில் ஊகித்துச் சொல்லாமல் மனிதவள அமைச்சின் இணையத்தளத்துக்கே அனுப்ப வேண்டும். விரல் நடுங்கும் மூத்தோருக்கு எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் போதாது. சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் சமூக மையங்களில் மின்னிலக்கத் தூதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தருகிறார்கள். "அங்கே போங்க" என்று தள்ளிவிடாமல், அவருக்கு அருகிலுள்ள மன்றத்தின் பெயர், திறந்திருக்கும் நேரம், எடுத்துப்போக வேண்டியவை ஆகியவற்றைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் போவார்.

இந்நாட்டில் தகவல் தொழில்நுட்பத் துறையில் இருக்கும் தமிழர்கள் பலர். வாரத்தில் ஓர் இரவு, இரண்டு மணி நேரம் ஏதேனும் ஓர் உதவிக் குழுவில் முறை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குழு நடத்துபவர்கள் கீழுள்ள வரிகளை அப்படியே எடுத்துத் தங்கள் குழுவின் மேலே பின் செய்து வைக்கலாம்:

"எந்தக் கேள்வியும் கேட்கலாம், எத்தனை முறையும் கேட்கலாம். போன் மாடல், ஆப்பின் பெயர், திரையில் வந்த எழுத்து, சமீபத்தில் மாற்றியது, கடைசியில் செய்ய வேண்டியது ஆகியவற்றைச் சொல்லுங்கள். குரல்பதிவும் போடலாம். ஓடிபி, மறைச்சொல், ஃபின் எண், கியூஆர் எதையும் இங்கே போடாதீர்கள். எங்கள் அட்மின் யாரும் உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பமாட்டார். அப்படி வந்தால் அதை இங்கே சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் வங்கியை அழையுங்கள், அடுத்து 1799."

வாட்ஸ்அப்பில் பின் செய்த செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அதை மறுபடி பின் செய்ய ஒருவரிடம் பொறுப்பு கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்த் தொழில்நுட்ப உதவிக் குழுக்களின் அட்மின்கள் சிலர்,
உட்லண்ட்ஸ், ஜூரோங்